இருபது சென்ரிமீற்றர்

எங்கள் விளையாட்டரங்கு புதிய ஓடுபாதையோடு தேசிய அரங்காகத் திறக்கப்படப் போகிறது. விழா மலருக்கு அதன் வரலாற்றை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். வேறு யாரிடம் கேட்பது? முப்பது வருடம் அந்த மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான். வின்சன்ற் மாஸ்டர் போட்ட கோடு என்றால் மறுபேச்சில்லை என்பார்கள். அதைக் கேட்டு நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

ஷெல் விழுந்த பார்வையாளர் மண்டபம், மாடு மேய்ந்த வருடங்கள், 2003இல் சமாதான காலத்தில் நடந்த தெரிவுப் போட்டி எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, ஒரு படம் எடுக்க மைதானத்துக்குப் போனேன். ஜெரிசன் என்ற இளம் பொறியியலாளர் உள்கோட்டை அளந்துகொண்டிருந்தார். நாடாவைக் கோட்டில் வைக்காமல் இருபது சென்ரிமீற்றர் வெளியே பிடித்திருந்தார். பிழை விடுகிறீர் தம்பி என்றேன். யாரும் கோட்டுக்கு மேல் ஓடுவதில்லை, கால் படுகிற இடத்தில்தான் நானூறு மீற்றர் வரவேண்டும், விதியே அதுதான் என்றார்.

நான் முப்பது வருடமும் கோட்டிலேயே நாடாவை வைத்து அளந்தவன். என் பாதையில் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மீற்றர் கூட.

உடனே உதயகலாவின் ஞாபகம்தான் வந்தது. அந்தத் தெரிவுப் போட்டியில் எண்ணூறு மீற்றரில் முதலாவதாக வந்த நீர்வேலிப் பிள்ளை. தேசிய அணிக்கு வேண்டிய நேரத்தைப் பத்தில் மூன்று செக்கனால் தவறவிட்டாள். அதோடு ஓட்டத்தையே விட்டுவிட்டாள். இரண்டு சுற்றுக்கு இரண்டரை மீற்றர்; அவளுடைய வேகத்தில் அது பத்தில் நான்கு செக்கன்.

எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்ற எண்ணமும் வந்தது. பொய் சொல்லக்கூடாது, இரண்டு நாள் அந்த எண்ணத்தோடுதான் சாப்பிட்டேன், படுத்தேன். மூன்றாம் நாள் வெட்கம் தாங்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நீர்வேலிக்குப் போனேன்.

உதயகலா வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் போய்த் தண்ணீர் இறைக்கிற மோட்டரை நிற்பாட்டிவிட்டு வந்தாள்.

"அண்டைக்குக் கடைசி வளைவிலை நான் ஒருக்காத் திரும்பிப் பாத்தனான் சேர். அதாலைதான் பிந்தினது எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன்."

"இல்லைப் பிள்ளை. பிழை என்ரை. மலரிலை என்ரை பேரோடையே எழுதப்போறன்."

எழுதுங்கோ என்றாள். ஆனால் அவளுடைய மனம் மலரில் இல்லை. அவளுடைய மகள் மதுராவுக்குப் பதினைந்து வயது, அவளும் எண்ணூறு மீற்றர்தான் ஓடுகிறாள்.

"போன கிழமை மதுரா ஓடேக்கை திரும்பிப் பாத்தவள்," என்றாள். "எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க அவளுக்கு அடிச்சுப்போட்டன்."

பள்ளிக்கூடம் விட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அவள் கால்சேற்றைக்கூடக் கழுவாமல் சைக்கிளை எடுத்தாள்.