மற்ற சேவைகள்

அலுவலகத்தில் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். எந்தத் தொழிலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாலும் வேளாண்மை, உற்பத்தி, கட்டுமானம், வணிகம், போக்குவரத்து, மருத்துவம் என்று இருக்கிற துறைகளில் ஒன்றில் போட்டு மூடிவிடுவார். புள்ளிவிவர அலுவலகத்தில் அதுதான் அவர் வேலை. மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிற கேள்வி அவருக்கு மிட்டாய் சாப்பிடுகிற மாதிரி. வாசலில் டீ போடுகிறவர் உணவுச் சேவை. அதே ஆள் தேயிலையைப் பொட்டலம் கட்டி விற்றால் வணிகம். முடி திருத்துவதும் பிணம் எரிப்பதும் ஒரே பெட்டி, அதற்குப் பெயர் மற்ற சேவைகள். இதைச் சொல்லிவிட்டு முன்பெல்லாம் அவரே முதலில் சிரிப்பார்.

மனைவி போன பிறகு அவர் சிரிப்பதில்லை. அழவும் இல்லை. "கல்நெஞ்சுக்காரர்" என்று கொழுந்தியாள் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது, அதற்குக் கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரமரப்பு இறங்காமல் அப்படியே நின்றுவிட்டது போல இருந்தது. சாப்பிட்டார், குளித்தார், பேருந்து ஏறினார், வந்த தொழில்களைப் பெட்டியில் போட்டார்.

மனைவி பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருந்தவள். படுக்கை விரிப்பு, அறுவை அறைத் துணி எல்லாம் அவள் கையால்தான் வெளுத்தன. முதலில் மருத்துவமனையே சம்பளம் கொடுத்தது. பிறகு சலவையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் விட்டார்கள். அதே கூடம், அதே இயந்திரம், அதே சூடு. சட்டைப் பையின் மேல் தைத்திருந்த நிறுவனப் பெயர் மட்டும் மாறியது. அன்றைக்கு இவர்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நேத்து வரைக்கும் நீ மருத்துவத் துறை. இன்னைலேருந்து மற்ற சேவைகள்."

"அடப் பாவி மனுஷா! கட்டின பொண்டாட்டியப் பிணம் எரிக்கிறவரோட சேத்துட்டீங்களே!"

அதிலிருந்து அவள் வேலை முடிந்து வந்து மணியடிப்பாள். உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டால், "மற்ற சேவைகள் வந்திருக்கு, கதவத் தொறங்க" என்பாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். பழகிப்போய், பால்காரர் மணியடித்தாலும் அந்த வீட்டில் துறை கேட்கிற வழக்கம் வந்துவிட்டது.

தொற்று பரவியபோது நோயாளிகளின் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக அவளிடம்தான் வந்தது. காய்ச்சலில் படுத்தாள், அதே மருத்துவமனையில் சேர்த்தார்கள், திரும்பவில்லை. முகம் பார்க்க யாரையும் விடவில்லை. மூடிய வண்டி போனதை மகள் தெருமுனையில் நின்று பார்த்தாள், அவ்வளவுதான்.

இப்போது மருத்துவமனை வாசலில் கல்வெட்டு வைக்கப் போகிறார்களாம். தொற்றுக் காலத்தில் உயிர் விட்ட மருத்துவத் துறையினரின் பெயர்கள் அதில் வரும் என்று மகள் கேள்விப்பட்டு வந்தாள்.

"அம்மா பேரு வருமில்லப்பா? மொகத்தத்தான் காட்டல. பேராவது ஒரு எடத்துல இருக்கட்டும்."

"பாக்கலாம்மா."

வேறு எதையும் அவள் இதுவரை கேட்டதில்லை. அந்த வாரமே கல்வெட்டுப் பட்டியல் தொடர்பாக மருத்துவமனையின் கடிதம் புள்ளிவிவர அலுவலகத்துக்கு வந்தது. யார் பெயரும் இல்லாத பொதுக் கேள்வி: மருத்துவமனைக்குள் வேலை செய்த ஒப்பந்தச் சலவையாளர்களும் காவலாளிகளும் மருத்துவத் துறையில் சேர்வார்களா? இந்த மாதிரிக் கேள்வி வேறு யார் மேசைக்குப் போகும்? பெட்டிக்காரர் மேசைக்கே வந்தது.

எந்த வாசலில் நுழைகிறார் என்று பார்க்கக் கூடாது, யார் சம்பளம் தருகிறார் என்று பார்க்க வேண்டும். அந்த வேலையின் அரிச்சுவடி அது. சலவையாளர், மற்ற சேவைகள். காவலாளி, நிர்வாக உதவிச் சேவை. மருத்துவத் துறையில் சேரமாட்டார்கள் என்று எழுதினார். ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. அதுதான் அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. மேலாளர் கையெழுத்துக்குப் போகிற தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறைக்கத் தெரியாத மனிதர். தட்டில் சோறு இருக்கும்போதே மகளிடம் சொல்லிவிட்டார்.

"நீங்களேவாப்பா எழுதினீங்க?"

"விதி அப்படித்தாம்மா. சம்பளம் யார் குடுத்தாங்கன்னுதான் பாக்கணும். எந்த வாசல்ல போனாங்கன்னு பாக்கக் கூடாது."

மகள் கத்தவில்லை. தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மாவுக்குக் காய்ச்சல் எந்த வாசல் வழியாப்பா வந்துச்சு?"

அவர் பதில் தேடினார். எந்தப் பெட்டியிலும் இல்லை. பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினார்.

காலையில் முதல் ஆளாக அலுவலகம் போய், மேலாளர் தட்டிலிருந்து தன் பதில் கடிதத்தை எடுத்தார். எழுதியதில் ஓர் எழுத்தையும் அவர் அடிக்கவில்லை, அது சரிதான். அதன் கீழே சேர்த்தார்: "இந்த வகைப்பாடு பொருளாதாரத்தை அளக்க மட்டுமே. யார் எந்த இடத்தில், எந்தப் பணியில் உயிர் விட்டார் என்பதை இது சொல்லாது. கல்வெட்டில் யார் பெயர் வேண்டும் என்பதற்கு இதைக் காரணமாகக் காட்ட வேண்டாம்."

மேலாளர் அம்மாள் இரண்டு முறை படித்தார்.

"சார், இதெல்லாம் சொல்றது நம்ம வேலை இல்லையே."

"ஆமா மேடம். நம்ம வேலை இல்லைன்னுதான் எழுதியிருக்கேன்."

மேலாளர் பெட்டிக்காரரை நிமிர்ந்து பார்த்தார். இவர் மனைவி எங்கே வேலை பார்த்தாள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மேலாளர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

கல்லில் பெயர் வருமா, வராதா என்பது இனி அவர்கள் பாடு. மாலையில் வீட்டுக்கு வந்து மணியடித்தார். சாவி பையில்தான் இருந்தது, ஏன் அடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"யாரு?" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

"மருத்துவத் துறை" என்று சொல்ல வாயெடுத்தார். "மருத்துவ" வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவே பார்க்க, அவர் ஓவென்று அழுதார். கதவு திறக்கக் கொஞ்சம் நேரமானது. உள்ளே அவளும் அழுதுகொண்டிருந்தாள்.