முப்பத்திரண்டில் பத்தொன்பதாவது

நூலகரின் மின்னஞ்சலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பார்வை இல்லாதவர்களுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் முப்பத்திரண்டு கணினிகள் தங்களிடம் இருப்பதாகவும், புதிய சோதனைப் பதிப்பைப் போட்டதிலிருந்து அத்தனையும் வாயடைத்துப் போய்விட்டதாகவும், நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும் என்றும் எழுதியிருந்தார்.

காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. போன மாதம் அவள் சேர்த்த பதினோரு நிரல் வரிகள்தான்.

இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலில், ஒலிப் பகுதியில் அவளுக்கு வேலை. கணினியை முடுக்கியதும், செய்தவர்களே அதற்குள் பதிந்து அனுப்பும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் கெர்னலிடம் ஒரு பட்டியலை நீட்டும்: இன்ன பாகம் இன்ன இடத்தில், இன்ன கம்பி இன்னதற்கு. மலிவுக் கணினி செய்கிறவர்கள் அந்தப் பட்டியலை அரைகுறையாக விட்டுவிடுவார்கள். விடுபட்டதை இந்தப் பக்கம் இருக்கிறவர்கள்தான் ஒட்டுப்போட வேண்டும். 'இந்தப் பெயருள்ள கணினி வந்தால், ஸ்பீக்கர் இங்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்' என்று கெர்னலின் காதில் ஓதி வைப்பது. பத்து வருடமாக அவள் ஓதிக்கொண்டிருக்கிறாள்.

அண்ணனின் டேப்லெட்டும் அந்த ரகம்தான். ஒரே ஒரு ஸ்பீக்கர். அதுவும் பட்டியலில் இல்லை. அண்ணன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் போய்விட்டது. அதற்கு முந்தைய வாரமே தன் குரலில் இருநூறு வாக்கியங்களைப் பதிந்து வைத்திருந்தார். வண்டியில் உட்கார்ந்து டேப்லெட்டின் கட்டங்களை விரலால் தட்டினால் "பிரேக்", "கண்ணாடியைப் பாருங்க" என்று அவரே பேசுவார். தனி ஸ்பீக்கர் ஒன்றைக் கம்பியில்லாமல் இணைத்தும் பார்த்தார்கள். சொல் ஒரு நொடி தாமதமாக வந்தது. அந்தத் தொழிலில் ஒரு நொடி என்பது முன்னால் போகிறவன் பம்பர்.

அவருக்கென்று அவள் தனியாகக் கெர்னல் தயாரித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு அப்டேட்டும் அதை அழித்தது. ஒரு தடவை நாற்சந்தியில், மாணவி ஸ்டியரிங்கில் இருக்கும்போது, டேப்லெட் மௌனமாகிவிட்டது. இன்னொரு தடவை அப்படி ஆனால் வரவேண்டாம் என்று பள்ளி முதலாளி சொல்லிவிட்டார். அதனால்தான் அந்தப் பதினோரு வரிகளைப் பொதுக் கெர்னலிலேயே சேர்த்தாள்.

ஆனால் அந்த டேப்லெட்டைச் செய்தவர்கள் பெயரையும் எழுதியிருக்கவில்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் 'தயாரிப்பாளர் இங்கே நிரப்பவும்' என்றே விட்டிருந்தார்கள். அவள் அதையே பெயராக வைத்து எழுதினாள். உலகத்தில் பாதி மலிவுக் கணினிகளுக்கு அதுதான் பெயர் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு அசதி. நூலகத்தின் கணினிகளுக்கும் அதே பெயர். அவற்றின் ஒலியெல்லாம் அங்கே இல்லாத ஒரு ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்குக் கறார் கூப்பிட்டார். ஒலிப் பகுதிக்குள் எந்த வரி நுழையலாம் என்று கதவைக் காக்கிற மூத்த பொறியாளருக்கு எல்லோரும் வைத்த பெயர் அது.

"எத்தனை மெஷின்ல சோதிச்சீங்க?"

"ஒண்ணுல, சார்."

"ஒண்ணு. நல்லா இருக்கு. யாரோடது?"

"எங்க அண்ணனோடது." காரணத்தையும் சொன்னாள்.

"நாலு மணிக்கு இந்தப் பதிப்பை மூடறேன். அதுக்குள்ள வேற அடையாளம் கண்டுபிடிங்க. இல்லன்னா வரியை எடுத்துடுவேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

அவள் அண்ணிக்குப் போன் செய்து, ஃபர்ம்வேர் தேதியைப் படிக்கச் சொன்னாள்.

"இரு, உங்கண்ணன் குடுக்க மாட்டேங்குறாரு. பாடம் தயார் பண்றாராம். கொஞ்சம் குடுங்களேன், உங்களுக்காகத்தானே கேக்குறா."

பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. "ஹாரனை அடிக்காதீங்க. பொறுமையா இருங்க."

"பாத்தியா? கோவம் வந்தா இந்தக் கட்டத்தைத்தான் அமுக்குவாரு" என்றாள் அண்ணி.

நூலகத்துக் கணினிகளின் தேதியும் அதுவே. இரண்டும் ஒரே இடத்தில் பிரதி எடுத்த ஃபர்ம்வேர். மதியச் சாப்பாட்டை மறந்து இரண்டு பட்டியல்களையும் வரிவரியாக ஒப்பிட்டாள். கடைசியில் ஒன்று தட்டுப்பட்டது: அண்ணனின் டேப்லெட் தன் தொடுதிரையை இயக்கும் சில்லை மட்டும் ஒழுங்காகச் சொல்லியிருந்தது. நூலகர் மின்னஞ்சலோடு அனுப்பியிருந்த, ஒரு கணினியின் பட்டியலில் தொடுதிரையே இல்லை. பெயரும் தேதியும் அந்தச் சில்லும் மூன்றும் பொருந்தினால் மட்டும் என்று வரியை மாற்றி நூலகருக்கு அனுப்பினாள். அங்கே எல்லாம் ஒரே சர்வரிலிருந்து கிளம்புகிற கணினிகள். அணைத்துப் போட்டால் போதும்.

மூன்றே காலுக்கு நூலகரே கூப்பிட்டார்.

"ரொம்ப நன்றிங்க. முப்பத்தொண்ணு பேசுது."

"ஒண்ணு?"

"பத்தொன்பதாம் நம்பர். ஜன்னலோரம். அது மட்டும் தொட்டா வேலை செய்யற திரை, யாரோ குடுத்தது. பரவாயில்லீங்க. அதுல தினமும் ஒரு அம்மா வருவாங்க, அவங்களை வேற எடத்துல உக்கார வெச்சுக்கறோம். எடம் மாறினா கொஞ்சம் தடுமாறுவாங்க, அவ்வளவுதான்."

பத்தொன்பதின் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். அதே பெயர், அதே தேதி, அதே சில்லு. அதில் இரண்டு ஸ்பீக்கர்கள் என்பது மட்டும் எங்கேயும் எழுதப்படவில்லை. வேறு எதைப் பிடித்து அதையும் அண்ணனின் டேப்லெட்டையும் பிரிப்பது என்று இருபது நிமிடம் துழாவினாள். பிரிக்க ஒன்றும் இல்லை.

கறாரிடம் சொன்னாள்.

"ஒரே ஒரு மெஷின்தானே" என்றார். அவர் வாயிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை. "போகட்டும், வரி அப்படியே இருக்கட்டும் விடுங்க. யாராவது கத்தினா பாத்துக்கலாம்."

"போன பதிப்பு வரைக்கும் அது பேசிக்கிட்டு இருந்துச்சு, சார். நான்தான் நிறுத்தினேன்."

"உங்க அண்ணன்?"

"எடுத்துடுங்க சார். இல்ல, நானே எடுக்கறேன்."

பதினோரு வரிகளையும் எடுத்துவிட்டு, காரணத்தை மூன்று வாக்கியத்தில் எழுதி, தன் பெயரைப் போட்டு அனுப்பினாள். நான்கடிக்க ஆறு நிமிடம் இருந்தது. பிறகு அண்ணியைக் கூப்பிட்டாள்.

"போன் ஸ்பீக்கரைப் போடுங்க அண்ணி, அண்ணனும் கேக்கட்டும். நான் சேத்தது போகுது. இனிமே அப்டேட்னு வந்தா தொடாதீங்க. ஒவ்வொரு தடவையும் நானே செஞ்சு எடுத்துட்டு வரேன். டேப்லெட்டை வீட்டுல ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் வண்டிக்கு எடுத்துட்டுப் போகட்டும்."

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு வரும். அண்ணன் ரிட்டையர் ஆகற வரைக்கும்."

"இன்னும் எட்டு வருஷம் இருக்குடி."

"தெரியும். அண்ணன் என்ன சொல்றாரு?"

டேப்லெட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஒண்ணும் சொல்லல" என்றாள் அண்ணி. "சிரிக்கிறாரு."

அவள் போனை வைத்துவிட்டு, அண்ணனுக்கான கெர்னலைத் தயாரிக்கத் தொடங்கினாள். முடிய ஒரு மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது.