வானதி வீட்டு குக்கர்

மீட்டிங் தொடங்கியதுமே வானதி வீட்டு குக்கர் விசில் அடித்துவிடும். "சாரி சார், பருப்பு" என்பாள். லேப்டாப்பில் எல்லா முகங்களும் சிரிக்கும். கும்பகோணம் கவுன்டரில் ஒற்றை ஆளாக, எரிந்துபோன மோட்டாரோடு எதிரே நிற்கும் விவசாயியைக் கையமர்த்திவிட்டு நானும் சிரித்துவைப்பேன். சிரிக்காவிட்டால் பொறாமை என்பார்கள். பொறாமைதான்.

எங்களுடையது பம்புசெட் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். போனில் புகார் கேட்கும் வானதி போன்றவர்களைக் கொரோனாவின்போது வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் திரும்பி வரவேயில்லை. மோட்டாரைப் போனில் வாங்கிவைக்க முடியாது என்பதால் நான் மட்டும் கவுன்டரிலேயே இருந்தேன்.

வலங்கைமான் வீட்டில் அம்மா படுத்த படுக்கை. பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவாள். பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகம் அக்கா மதியம் வந்து கஞ்சி கொடுப்பார். மற்ற நேரம் அவள் தட்டினால் கேட்க ஆளில்லை. வாரத்தில் ஒருநாளாவது எனக்கும் போன் வேலை கொடுங்கள் என்று மேனேஜர் ரெமிஜியஸிடம் கேட்டேன்.

"கவுன்டர யாரு பாக்குறது அனிட்டா? அதோட உங்கம்மா தட்டுற சத்தம் கஸ்டமருக்குக் கேக்கும். நல்லாருக்காது."

"வானதி வீட்டு குக்கர் கேக்குதே சார்?"

"அது வேற."



கோடையில் ஒரு முற்பகல் அம்மா போய்விட்டாள். மெஹராஜ் பேகம் அக்கா போன் செய்தபோது நான் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் டம்ளர் கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது. தட்டினாளா, எவ்வளவு நேரம் தட்டினாள், யாரைக் கேட்பது?

அடக்கத்துக்கு வந்திருந்த வானதிதான் மேலிடத்தில் சண்டை போட்டாளாம். எல்லோரும் முறைவைத்துக் கவுன்டருக்கு வரவேண்டும், புதன்கிழமை எனக்கு வீட்டில் வேலை என்று உத்தரவு வந்தது. அதற்குள் அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்திருந்தது. வானதியைப் போய் இத்தனை நாள் கரித்துக்கொட்டினேனே என்றிருந்தது.

முதல் புதன்கிழமை, அம்மா இருந்தபோது நினைத்துவைத்த இடத்திலேயே, அவள் கட்டிலை ஒட்டி மேசையைப் போட்டேன். காலையெல்லாம் போன். குறுவை நாற்றங்கால் காய்கிறது, மோட்டார் ஓடவில்லை என்று ஒவ்வொருவராகப் புலம்பினார்கள். போனை வைத்தால் வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

மீட்டிங்கில் வானதி கவுன்டரிலிருந்து வந்தாள். "கூட்டம் தாங்கல அக்கா. எப்படித்தான் தனியா சமாளிச்சீங்களோ."

ரெமிஜியஸ் இடைமறித்தார். "அனிட்டா வீட்டப் பாருங்க, ஒரு சத்தம் கெடையாது. வீட்லேர்ந்து வேலை பாத்தா இப்படில்ல இருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. வானதி தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அம்மாவின் டம்ளரை எடுத்துவந்தேன். ஸ்பூன் அதற்குள்ளேயே இருந்தது. மைக்கை அணைக்காமல் தட்டினேன்.

"யார் வீட்டுல அது சத்தம்?"

"எங்க வீட்டுலதான் சார்" என்றேன். மறுபடியும் தட்டினேன்.