செந்நாரைக்கு மிச்சம் ஒன்பது இறகு

எங்கள் ஏரியில் ஒரு பறவையின் குரலைக் கேட்காமல் அதைப் பார்த்தால், அதற்கு ஓர் இறகு உதிரும். கேட்டுவிட்டுப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. டிக்கெட் எடுத்துவிட்டு ஏறுகிற மாதிரிதான்.

நான் முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் கண்டக்டர். ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிப்போகிறேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். ஒற்றை விசில் கொடுத்தால் கண்ணை மூட வேண்டும். பறவை கத்தியதும் இரட்டை விசில், திறக்கலாம்.

கோரைக்குள் ஒரு செந்நாரை, இரண்டு குஞ்சுகளோடு. நாளுக்கு ஒரு தடவைதான் கத்தும், கிழவன் தும்முகிற மாதிரி. கண்டவனும் பார்த்துப் பார்த்து அதற்கு மிச்சம் ஒன்பது இறகு. ஏழுக்குக் குறைந்தால் பறக்காது. குஞ்சுகளுக்கு இரை கிடையாது.

போன மாதம் ஒரு பெரிய பள்ளியிலிருந்து இருநூறு பிள்ளைகள் வந்தார்கள். கழுத்து டையைத் தூக்கிக் கண்ணில் கட்டச் சொன்னேன். சமர்த்தாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிறகு தாளாளர் காரில் வந்தார். அவர் யாரிடமும் நேராகப் பேச மாட்டார். பி.டி. மாஸ்டர் ஞானதுரையின் காதில் முணுமுணுப்பார், ஞானதுரை சத்தமாகச் சொல்வார். அவர் இறங்குவதை நான் பார்த்தேன். சட்டைப் பொத்தான் ஒன்று விழுந்தது.

“பெரியவரே, ஒன்பது மணிக்குப் பரிசளிப்பாம். உங்க கொக்கைச் சீக்கிரம் கத்தச் சொல்றார்.”

“கொக்கு இல்ல சார், நாரை. அதுக்குத் தோணுறப்பத்தான் கத்தும்.”

“ஏதோ ஒண்ணு. இருநூறு பேரும் ஒரே நேரத்துல பாத்தா சாதனையாம்.”

தாளாளர் பைனாகுலரைத் தூக்கினார். ஓர் இறகு தண்ணீரில் விழுந்தது. போட்டோக்காரர் பார்த்தார். இன்னொன்று.

புட்போர்டில் தொங்கியபடி என்னை வைதவனைக்கூட நான் இப்படி வெறுத்ததில்லை. கோரைக்குள் குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டே இருந்தன.

“டையை இறக்கச் சொல்றார்” என்றார் ஞானதுரை.

“இறக்கலாமே. பிள்ளைங்களா, எல்லாரும் அப்படியே பின்பக்கம் திரும்புங்க.”

ஏரி அவர்கள் முதுகுக்குப் போனது. தாளாளர் நேர் எதிரே நின்றார்.

“உங்க தாளாளர் குரலை யாராவது கேட்டிருக்கீங்களாப்பா?”

இருநூறு தலையும் இல்லையென்று ஆடின. டையை இறக்கச் சொல்லி இரட்டை விசில் கொடுத்தேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸையும் சேர்த்து, தெரிந்தே கொடுத்த தப்பு விசில் அது ஒன்றுதான்.

கடிகாரம், கண்ணாடி, பெல்ட், டை, இடப்பக்க மீசை என்று பார்வைக்கு ஒன்றாக விழுந்தன. ஞானதுரை குனிந்து பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

“ஒரு வார்த்தை வாயத் தொறந்து பேசிடுங்க சார், நின்னுடும்” என்று நானே சொன்னேன். அவர் ஞானதுரையின் காதைத்தான் தேடினார். பல் விழ ஆரம்பித்ததும் ஒற்றை விசில் கொடுத்துவிட்டேன். பிள்ளைகுட்டிக்காரர். அவர் வாயைப் பொத்திக்கொண்டு கோரைக்குள் ஓடி ஒளிந்தார்.

இப்போது நாரைக்கு மறுபடி ஒன்பது. ஏழு அதன் சொந்த இறகு, மற்ற இரண்டும் அவருடைய டையும் பெல்ட்டும். டை நல்ல நீளம், வளைந்து திரும்ப அதற்கு வசதியாக இருக்கிறது.

தாளாளர் கோரைக்குள்தான் நிற்கிறார். எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போனால் ஒற்றை விசில் கொடுத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துக் காத்திருக்கிறேன். இதுவரை அவர் கத்தவில்லை. குஞ்சுகளோடு சேர்த்து அவருக்கும் நாரைதான் மீன் கொண்டுவருகிறது.