முப்பத்தோராம் பக்கம்

ஜலஜாவுக்குத் தண்ணீரைச் சோதிக்கும் வேலை. பெஹாலாவில் வீடுகளுக்கு நடுவே நெருக்குண்டு கிடந்த நஸ்கர் குளத்தை மூன்று வருஷம் ஆராய்ந்தாள். சாக்கடை கலந்த குளம் அது. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. அடியில் வெளிச்சம் எட்டாமல், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் செத்து மிதந்தன. ஆனால் அந்தப் பச்சைப் படுகையின் மேல்தான் இலைக்கோழிகள் மழைக்காலத்தில் முட்டையிட்டன. நீண்ட விரல்களை அகட்டி இலைமேல் நடக்கும் பறவை. ஜல்பிபி என்று இங்கே வங்காளத்தில் சொல்வார்கள்.

வாரத்துக்கு ஒருநாள்தான் ஜலஜாவால் வர முடிந்தது. மற்ற நாள்களில் பறவைகளை எண்ணியவர் குமரவேல். கரையோரம் இட்லிக்கடை நடத்தியவர். ஸ்கூட்டர் விபத்தில் முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போய்விட்டது. கடையை மனைவி கல்யாணி ஏற்றுக்கொண்டாள். கடைக்கு மேலேயே வீடு. ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அவர் படுத்திருந்தார்.

"எனக்குப் பொழுதுக்கு என்ன குறைச்சல், தீதி? நான் எண்ணித் தர்றேன்" என்று, ஊர் வழக்கப்படி அக்கா என அழைத்து, அவராகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. முதல் வருஷமே அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆண்தான் அடைகாக்கிறது, குஞ்சுகளை இறக்கையில் இடுக்கிக்கொண்டு நடக்கிறது. புத்தகத்தில் இருக்கும் சேதிதான். ஜலஜா அதைச் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகு அவர் சிரித்துப் பேசியது அன்றுதான் என்று கல்யாணி சொன்னாள்.

ஆய்வறிக்கை நாற்பத்திரண்டு பக்கம் வந்தது. ஆகாயத்தாமரையில் மூன்றில் ஒரு பங்கைத் தீவு தீவாக விட்டுவைக்க வேண்டும், மற்றதையும் குஞ்சுகள் பறந்த பிறகு, அக்டோபருக்கு மேல்தான் எடுக்க வேண்டும் என்று முப்பத்தோராம் பக்கத்தில் எழுதியிருந்தாள். வார்டு அலுவலகத்தில், "மேடம், ஒரே பக்கத்தில் சுருக்கித் தாங்க" என்றார்கள். மெட்ரோவில் நின்றபடியே மடிக்கணினியில் சுருக்கினாள். இரண்டு வரி மிஞ்சியது. முழு அறிக்கைதான் கூடவே போகிறதே என்று, முப்பத்தோராம் பக்கத்திலிருந்து எடுத்த அந்த இரண்டையும் வெட்டினாள்.

ஜூலை இரண்டாவது வாரம், கூட்டமொன்றில் இருந்தாள். கைபேசியை ஊமையாக்கியிருந்தாள். வெளியே வந்து பார்த்தால் குமரவேலிடமிருந்து பதினாலு அழைப்புகள். திருப்பி அழைத்தாள்.

"தீதி, மிஷின் வந்து செடியையெல்லாம் வாருது. நாலு கூட்டுல முட்டை இருக்கு. கத்திப் பார்த்தேன், யாருக்கும் கேக்கலை. கல்யாணி போய்ச் சொன்னா, ஆர்டர் இருக்குன்னு ஒரு தாளைக் காட்டுறாங்களாம்."

அவள் டாக்சி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது குளம் வெறும் தண்ணீராகக் கிடந்தது. வாரிய செடி கரையில் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. அதன்மேல் ஆண் பறவையொன்று நடந்து நடந்து தேடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி பணிவாகத் தாளை நீட்டினார். அவள் கையெழுத்திட்ட அந்த ஒருபக்கச் சுருக்கம்.

மாடிப்படியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே போனாள்.

"நான் எண்ணினதெல்லாம் உங்க ரிப்போர்ட்ல இருந்துச்சுல்ல?" என்றார் குமரவேல்.

"இருந்தது."

"அப்ப அவங்க படிக்கலை."

"அவங்க கையிலே இருந்த தாள்ல அது இல்லை. நான்தான் எடுத்துட்டேன். இடம் போதலைன்னு."

அவர் அவளைப் பார்க்கவில்லை. "எத்தனை வரி?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"கல்யாணி, கட்டிலைச் சுவர்ப் பக்கமா நகர்த்திப் போடு" என்றார்.

குளம் தெளிந்தது. ஆக்சிஜன் அளவு மூன்று மடங்காயிற்று. மீன் சாவது நின்றது. பேட்டைக் கிளப்பில் அவளுக்குப் பூங்கொத்துக் கொடுத்தார்கள்; மறுக்க வாய் வராமல் வாங்கிக்கொண்டாள். பிறகு, பிழை தன்னுடையது என்று அலுவலகத்துக்கு எழுதினாள். அவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். மூங்கில் மிதவைகள் கட்டி, செடி வளர்த்து, மூன்று தீவுகள் விட்டார்கள்.

அடுத்த மழையில் நாரைகள் வந்தன. ஒரு மீன்கொத்தி வந்தது. இலைக்கோழி வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துவிட்டு ஜலஜா கடைக்குள் போனாள். கல்யாணி டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மேலே போகலாமா?" என்று கேட்டாள் ஜலஜா.

"தூங்குறார், தீதி. இப்பல்லாம் பகல்லயும் தூங்கிடுறார்." கல்யாணி மேஜையைத் துடைத்தாள். "உங்க மேல கோபமில்லை. நான் கேட்டுட்டேன். பாக்கறதுக்கு ஒண்ணுமில்லைங்கிறார், அவ்வளவுதான்."

ஜலஜா தலையசைத்தாள். டீ ஆறியிருந்தது. அதைக் குடித்துவிட்டு எழுந்தாள்.