காலை ஏழு நாள்

என்னால் சும்மா உட்கார முடியாது. பிறவிக் குணம். இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டினேன். சிக்னலில் நின்றால்கூட என் விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போடும். அப்படிப்பட்டவனை, நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, டிப்போவில் சாவி கொடுத்து வாங்கும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஐந்து மாதமாகிறது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனெல்லாம் என் கையிலிருந்து சாவியை வாங்கிப் போகும்போது வயிறு எரியும்.

மறுபடி வண்டி ஏற வேண்டுமானால் இதய மருத்துவமனையின் பிசியோ மேடம் கையெழுத்துப் போட வேண்டும். அவர் என் மணிக்கட்டில் ஒரு வாட்ச்சைக் கட்டிவிட்டார்.

"ஒரு நிமிஷம் வேகமா படி ஏறணும், ரெண்டு நிமிஷம் மெதுவா நடக்கணும். இப்படி ஆறு தடவை. முதல் ஏழு நாள் காலையில அஞ்சரைக்கு, அடுத்த ஏழு நாள் சாயங்காலம் அஞ்சரைக்கு. வேகமா ஏறி நின்னப்புறம் ஒரே நிமிஷத்துல துடிப்பு எவ்வளவு இறங்குதுன்னு இது பதிஞ்சு வச்சுக்கும். ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு நேரம் இருக்கு சார். உங்க உடம்பு எப்ப நல்லா முழிச்சிருக்குன்னு தெரிஞ்சா, அந்த நேரத்துக்கே பயிற்சியைப் போட்டுடலாம்."

அதை என்னையே கேட்டிருக்கலாம். இருபத்திரண்டு வருடமும் எனக்கு மதிய ஷிப்ட்தான். காலை எட்டு மணிக்கு முன்னால் நான் வெறும் மரக்கட்டை.

முதல் நாள் அலாரம் அடித்தது. எழுந்தேன், கட்டிலிலேயே மறுபடி சாய்ந்தேன். என் மனைவி போர்வையை இழுத்துப் பார்த்துவிட்டு அலுத்துப்போனாள்.

"குடுங்க இப்படி. துணி காயப்போட எப்படியும் மாடிக்கு ஏறத்தானே போறேன்."

"உனக்கெதுக்கு சிரமம்?" என்று ஒப்புக்குச் சொன்னேன். கை அதற்குள் வாட்ச்சைக் கழற்றிவிட்டது.

"எனக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

ஏழு நாளும் அப்படியே. அவள் துணிக்கூடையோடு ஏறினாள், இறங்கினாள். நான் குறட்டை விட்டேன். சும்மா சொல்லக்கூடாது, உள்ளூரக் குஷிதான். ஒரு நாள் லீவு போடாமல் தையல் கடையில் மெஷின் மிதிப்பவள். அவளுடைய நல்ல மார்க் என் கணக்கில் ஏறட்டுமே. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, அரைக்கண்ணில் பார்த்தேன். வாசற்படியில் கதவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, படி ஏறினேன்ல," என்றாள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சாயங்கால ஏழு நாளும் நானே ஏறினேன். அது சத்தியம்.

முடிவு சொல்லும் நாளில் அவளும் கூட வந்தாள். மருத்துவமனை முதல் மாடிக்கு ஏறும்போது பாதியில் நின்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "வேகமா வாயேன், ஆமை!" என்று கத்தினேன். மேலே வந்து பெஞ்சில் உட்கார்ந்து என் பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் மட்டும் உள்ளே போனேன்.

பிசியோ மேடம் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"சாயங்காலம் பாருங்க சார். நூத்தி முப்பத்தெட்டு போகுது, ஒரு நிமிஷத்துல நூத்திப் பத்துக்கு வந்துடுது. அருமை. காலையில நூத்தி அறுபது. ஒரு நிமிஷம் கழிச்சும் நூத்தி அம்பத்தேழு. ஏழு நாளும் இதே கதை. நீங்க சாயங்கால ஆளு! மதிய ஷிப்ட்ல தாராளமா வண்டி எடுங்க. காலையில மட்டும் ஓடியாடாதீங்க."

"காலையில... அது மோசமா மேடம்?"

"சாயங்காலமும் அப்படி இருந்தா இன்னைக்கே அட்மிட் பண்ணியிருப்பேன். உங்களுக்குத்தான் நேரம் மாறினா சரியாயிடுதே."

கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஐந்து மாதமாக ஏங்கிய காகிதம். வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, கதவு வரை வந்துவிட்டேன்.

கதவின் சின்னக் கண்ணாடி வழியே அவள் தெரிந்தாள். ஏறி வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

நூற்று ஐம்பத்தேழு.

முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இன்று டிப்போவில் காகிதத்தைக் கொடுத்துவிடலாம், அடுத்த வாரம் வேறெங்காவது இவளைக் காட்டிக்கொள்ளலாம் என்றுதான். மறைக்க ஒன்றுமில்லை, அப்படித்தான் தோன்றியது. விரல்கள் கதவுப்பிடியில் தாளம் போட்டன. உண்மையைச் சொன்னால் சாவி நாற்காலிதான். எத்தனை மாதமோ, மொத்தமாகவோ. அவளோ பையை மடியில் மாற்றி வைத்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

திரும்பிப் போய்க் காகிதத்தை மேசையில் வைத்தேன்.

"காலை ஏழு நாளும் ஏறினது நான் இல்ல மேடம்."

"பின்ன யாரு?"

"என் மனைவி. வெளியிலதான் உட்கார்ந்திருக்கா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, போனை எடுத்து சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

நான் கதவைத் திறந்தேன். அவள் சட்டென்று நிமிர்ந்து முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏங்க, கையெழுத்து போட்டுட்டாங்களா?"

"அது கிடக்கட்டும். நீ உள்ள வா."

"நான் எதுக்கு? எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம்..."

பையை வாங்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். அவள் எழ முயன்றாள்.

"எழுந்திருக்காத," என்றேன். "நாற்காலி வருது. மெதுவாவே போலாம்."

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.