கழுவிய கை

குங்குமச் சிமிழை நீட்டியபடி தனபால் நின்றான். பாண்டீஸ்வரனின் கை எழவில்லை.

"வையிங்க மச்சான். அக்கா சுமங்கலியாப் போறா. நீங்கதான வைக்கணும்."

தேயிலை எஸ்டேட் லயத்து வாசலில், தகரப் பந்தலுக்குக் கீழே மாரித்தாய் வெறும் நெற்றியோடு கிடந்தாள். சின்னக்கானல் மலையின் மஞ்சு மூட்டம் அவள் கால்மாடு வரை இறங்கியிருந்தது. கொஞ்சம் பொறு என்று மைத்துனனிடம் சொல்லிவிட்டு அவர் விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அவர் ஏன் விலகிப் போனார் என்பது வெளியே நின்ற ஒருவருக்கும் தெரியாது.

உள்ளே மருந்துநீர்ப் பை மாட்டும் கொக்கி காலியாக இருந்தது. மாரித்தாயின் சிறுநீரகம் கைவிட்டு இரண்டு வருடம். வயிற்றில் பதித்த குழாய் வழியே பழைய நீரை வடியவிட்டுப் புதுசை ஏற்ற வேண்டும். தினமும் நாலு தடவை. பஞ்சாயத்திலிருந்து வரும் மலையாளி நர்ஸ் டின்சி பழக்கிய வரிசை அவருக்கு மனப்பாடம். ஜன்னலை அடை. மாஸ்க் போடு. முழங்கை வரை சோப்பு, ரெண்டு நிமிஷம். காயும்வரை கையைத் தூக்கிப் பிடி. அப்புறம் குழாயைத் தவிர எதையும் தொடாதே.

டின்சிக்கு முன்னாலேயே அதைச் சொன்னவள் மாரித்தாய்தான். முப்பது வருடம் எஸ்டேட் ஆஸ்பத்திரி ஆயா. ஊசிகளைக் கொதிக்கவைக்கும் ஆவிக்கு நடுவில்தான் அவளை முதலில் பார்த்தார். கவாத்துக் கத்தி பட்டு ரத்தம் சொட்ட ஓடிப்போனவரின் காயத்தை அவள் பார்க்கவில்லை, நகக்கண்ணைப் பார்த்தாள்.

"கை உள்ள வரட்டும். அழுக்கு வெளிய நிக்கட்டும்."

குழாயடிக்கு இழுத்துப்போய் அவளே தேய்த்துக் கழுவினாள். அந்த வருடம் அவருக்கு இன்னும் மூன்று வெட்டு விழுந்தது. அதில் இரண்டு வேண்டுமென்றே.

எஸ்டேட் மேனேஜர் பெரிய துரையையே கை கழுவிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியவள். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை?

அன்று மாரியம்மன் கோயில் பொங்கல். அவளால் போக முடியாது என்று அவர் சட்டைப்பையில் குங்குமம் கொண்டுவந்திருந்தார். கை கழுவி, உலர்த்தி, குழாயின் மூடியைத் திறக்கப் போகும்போதுதான் ஞாபகம் வந்தது. பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் வைத்தார். அவள் கண்ணை மூடி, கல்யாணத்தன்று போலவே முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். அந்த மயக்கத்தில் மறுபடி கழுவாமலே குழாயை மாட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் வடிந்த நீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. காய்ச்சல், ஆஸ்பத்திரி, பன்னிரண்டு நாள். இன்று விடியற்காலை எல்லாம் முடிந்தது.

கதவு நிலையில் டின்சி வந்து நின்றாள். இவளிடமாவது சொல்லிவிட வேண்டும்.

"சிஸ்டரே, அந்தக் கோயில் பொங்கல் அன்னைக்கு..."

"அறியாம் சேட்டா, தெரியும். மாரித்தாய் சேச்சி ஆஸ்பத்திரியில வச்சே சொல்லிட்டாங்க."

டின்சி பைக்குள்ளிருந்து வீட்டு நோயாளிகளின் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, விரித்துக் காட்டினாள்.

"கை கழுவாம சேச்சியே குழாயோட மூடியத் தொட்டுட்டாங்களாம். அப்படியே எழுதிக்கோ, அவரு கேட்டா காட்டுன்னு சொன்னாங்க. சேட்டன் மேல ஒரு தெற்றும், ஒரு தப்பும் இல்ல."

கழுவாத கையால் ஒரு துண்டுப் பஞ்சைக்கூடத் தொடாதவள். பாண்டீஸ்வரன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தார். தண்ணீர் ஐஸாகக் குத்தியது. விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை.

"மச்சான், நேரமாவுது" என்றான் தனபால்.

"ரெண்டு நிமிஷம். அவர் கழுவட்டும்" என்றாள் டின்சி.

முழங்கையாலேயே குழாயை மூடினார். யாரோ நீட்டிய துண்டை அவர் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி, ஈரம் காயும்வரை பந்தலின் ஓரத்தில் நின்றார். வாசலில் இருந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

அப்புறம், தனபால் திறந்து நீட்டிய சிமிழுக்குள் மோதிரவிரலை மட்டும் வைத்தார்.